இல்லாத நோயாளியின் நாடி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். கதை கட்ட எனக்கு வராது. என் தம்பிக்கோ பொய் சொல்லவே வராது. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே அம்மாவிடம் போய் அடிவாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றவன் அவன். அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடைசியில் கொஞ்சம், நானே பார்த்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும், அதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

தம்பி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டேட்டாபேஸ் அட்மின். உடனே ஊசி போடுகிறவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று டாக்டரும் நர்ஸும் கம்ப்யூட்டரில் போடுகிற அத்தனையும் ஓரிடத்தில் போய்ச் சேருமே, அந்த இடத்துக்கு அவன் காவல். ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து யார் உள்ளே வந்தாலும் அவன் மேஜைத் திரையில் ஒரு வரி முளைக்கும். யார், எந்த மெஷின், எதைப் பார்க்கிறார் என்று அதில் இருக்கும். அவர் வெளியே போனதும் வரி மறைந்துவிடும். நாள் முழுக்க அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் பிழைப்பு. பாஸ்வேர்டை மாற்று மாற்று என்று உயிரை எடுப்பதால் நர்ஸுகள் அவனுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கு அது தெரியும். கோபம்கூடப் பட மாட்டான்.

வயது நாற்பத்துமூன்று. கல்யாணம் ஆகவில்லை. அக்கா என்று நான் அலையாத அலைச்சலா? நாலைந்து இடம் பேசினேன். ஒன்று, அவன் வாயைத் திறக்கவில்லை. அல்லது திறந்து, பேக்கப் ஏன் தினமும் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினான். கடைசியில் ஒரு படுக்கையறை வீட்டில் தனிக்கட்டையாகவே இருந்துவிட்டான். தினமும் ராத்திரி எனக்குப் போன் பண்ணுவான். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான். அந்த வீட்டுச் சுவர்கள் ஒரு நாளைக்குக் கேட்கிற பேச்சு அது மட்டும்தான்.

அந்த வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய வினை வந்தது. ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு, அவள் கைக்கு வருவதற்கு முன்னால் அவள் கட்டிக்கொள்ளப்போகிறவன் வீட்டுக்குப் போய்விட்டது. யாரோ உள்ளே எட்டிப்பார்த்து வெளியே சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணின் அப்பா வரவேற்பு மேஜை முன்னால் நின்று கத்தினார். பிறகு கத்த முடியாமல் உட்கார்ந்து அழுதார்.

சந்தேகம் யார்மேல் வரும்? எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருக்கிறவன்மேல்தானே. நிர்வாகி தம்பியைக் கூப்பிட்டு, யார் என்று ஒரு மாதத்துக்குள் கண்டுபிடிக்கச் சொன்னார். கண்டுபிடிக்காவிட்டால் அது நீங்கள்தான் என்று முடிவு பண்ண வேண்டியிருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு கேன்டீனில் அவன் உட்கார்ந்த மேஜைக்கு யாரும் தட்டை எடுத்துக்கொண்டு வருவதில்லை. இருபது வருடம் ஒரு விரல் நீட்டிக் குறை சொல்ல விடாமல் வேலை பார்த்தவன். சொத்து என்று அவனிடம் இருந்ததே அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

அதைக் காப்பாற்றிக்கொள்ள அவன் ஒரு தூண்டில் போட்டான். அவர்கள் தொழிலில் உள்ள வழக்கம்தானாம் அது. இல்லாத ஒரு நோயாளியை உண்டாக்கி, உண்மையான நோயாளிகளுக்கு நடுவே வைத்துவிடுவது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் அந்தப் பதிவைத் திறக்க ஒரு காரணமும் கிடையாது. வம்புக்கு அலைகிறவன்தான் திறப்பான். திறந்த நிமிடம் தம்பியின் போனுக்கு மணி அடிக்கும்.

அப்படித்தான் அந்தப் பெண் உண்டானாள். வாய்க்கு வந்த ஒரு பெயர். வயது முப்பத்தொன்று. வம்புக்காரர்கள் வாய் பிளக்கிற மாதிரி ஒரு நோய். இடம், நாலாவது மாடி, கடைசி அறை. பெயின்ட் அடிக்கிற வேலைக்காக அந்த மாடியை அப்போதுதான் மூடியிருந்தார்கள், அதனால் நிஜ நோயாளி யாரோடும் குழப்பம் வராது என்று கணக்குப் போட்டான். எல்லாவற்றையும் அடித்துவிட்டுச் சேமிக்கப் போனால், கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. துணைக்கு யார் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம். அந்த விதியை வைத்ததே இவன்தான். சட்டென்று தன் போன் நம்பரைத் தட்டினான். உறவு என்ன என்று கேட்டது. முதலில் இருந்த சொல்லையே அமுக்கினான். 'கணவர்.'

அன்றைக்கு ராத்திரி போனில் இதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் பார்த்த பொண்ணையெல்லாம் விட்டுட்டு, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல போயி கட்டிக்கிட்டியாடா?" என்று கேட்டேன். ரொம்ப நாள் கழித்து அவன் சிரித்ததைக் கேட்டேன்.

ஒரு தப்பு பண்ணினான். தூண்டில் போடுகிறவர்கள், இது தூண்டில்தான் என்று மேலிடத்தில் ஒருவரிடமாவது முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். இவனோ திருடன் யாராகவும் இருக்கலாம், நிர்வாகியாகக்கூட இருக்கலாம் என்று ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. என்னைத் தவிர. ஆனால் அக்கா சொல்வது சாட்சியா?

மூன்று வாரம் ஒன்றும் சிக்கவில்லை. கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாளும் விடுமுறை. தம்பி வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். பிற்பகல் 3.12க்கு அவன் போன் அடித்தது. யாரோ அவளைத் திறந்துவிட்டார்கள்.

ஈரக் கையோடு என்னைத்தான் கூப்பிட்டான். "அக்கா, மாட்டிக்கிச்சு." குரலில் அப்படி ஒரு துள்ளல். தனியாகப் போகாதே, சாட்சிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்றேன். "யாரைக்கா கூட்டிட்டுப் போறது?" என்றான்.

அவன் வேலை பார்க்கிற இடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தனிக் கட்டடம். விடுமுறை என்பதால் ஈ காக்கை இல்லை. நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் ஏற்றியிருந்தார்கள். தரையில் துடைத்த மருந்து வாசனை. நடைபாதையில் இருந்த தண்ணீர்க் குடுவையில் ஒரு குமிழி 'க்ளக்' என்று கிளம்பியது, அதற்கே திடுக்கிட்டானாம். அவன் அறைக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் மெஷின்கள் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. விளக்கைப் போட்டான். உட்கார்ந்தான். திரையைத் திறந்தான்.

வார்டுகளிலிருந்து சில வரிகள். எல்லாம் வழக்கமானவை. மேலே ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது.

அதில் பெயர் இல்லை.

பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மெஷின் இருக்க வேண்டிய இடமும் காலி. அப்படி ஒரு வரி வரவே முடியாது என்று தம்பி இன்றும் அடித்துச் சொல்கிறான். பெயர் சொல்லாமல் உள்ளே வர வழியே இல்லை. வழியை அடைத்தவனே அவன்தான்.

அந்த வரி செய்துகொண்டிருந்த வேலையும் சரியாக இல்லை. திருடன் என்றால் பார்ப்பான், எடுப்பான், போய்விடுவான். இது அந்த ஒரு பெண்ணின் பதிவை மட்டும் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. பரீட்சை முடிவில் தன் நம்பர் வந்திருப்பதை நம்ப முடியாத பிள்ளை திரும்பத் திரும்பப் பார்க்குமே, அந்த மாதிரி.

சந்தேகப்படுகிற ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த அவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. தம்பி அதை அடித்தான். வரி மறைந்தது. அப்பாடா என்று சாய்ந்தான்.

'டிங்.'

மறுபடி சிவப்பு வரி. பெயர் இல்லை.

மறுபடி தள்ளினான். இந்த முறை மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டது.

சரி, அப்படி என்னதான் பார்க்கிறான் என்று தம்பியும் அந்தப் பதிவைத் திறந்தான். அவன் அடித்து வைத்த பெயர், வயது, நோய், எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே அவன் அடிக்காத சில இருந்தன. உடல் சூடு. ரத்த அழுத்தம். நாடித்துடிப்பு 82. எடுத்த நர்ஸின் பெயர் காலி.

யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு இன்னொரு முறை தள்ளினான்.

நாடித்துடிப்பு 96.

மறுபடி தள்ளினான்.

118.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். 112... 104... 97... ஓடிவந்து நின்ற ஒருத்திக்கு மூச்சு அடங்குகிற மாதிரி அது இறங்கியது.

இன்னும் ஒரே ஒரு முறை செய்து பார்த்தான். நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான். அந்த ஒரு முறைக்காக அவன் இன்னும் அழுகிறான்.

139.

கையை மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்களின் சத்தம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அறை குளிர்ந்துவிட்டது போலிருந்தது.

பதிவில், நர்ஸ் குறிப்பு எழுதுகிற இடத்தில், எழுத்து ஊர்ந்து வந்தது.

'நோயாளி படபடப்பாக இருக்கிறார்.'

கொஞ்ச நேரம் கழித்து...

'யாரோ தன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதாகச் சொல்கிறார்.'

பிறகு...

'துணைக்கு இதுவரை யாரும் வரவில்லை.'

அவன் போன் அடித்தது.

ஆஸ்பத்திரி நம்பர். எடுத்தான். பேசியது ஒரு பெண் குரல். வேலை நேரத்தில் பேசுகிற, கொஞ்சம் களைத்த குரல்.

"நாலாவது மாடியிலேர்ந்து பேசறோம். அவங்க வீட்டுக்காரர்தானே?"

தம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எப்ப வருவீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க."

"யாரு... யாரு பேசறது?"

"ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. தனியா இருக்காங்க."

டக். அவ்வளவுதான்.

உடனே டெலிபோன் போர்டுக்குப் போட்டான். நாலாவது மாடிக்கு லைனே இல்லையே, பெயின்ட் வேலைக்காகப் போனையெல்லாம் பிடுங்கிப் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்றார் அங்கே இருந்தவர். விடுமுறையிலும் வேலையா பூட்டு சார் என்று வேறு கேட்டார். தம்பி போனை வைத்துவிட்டான்.

அங்கேயே எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்கலாம். நான் என்றால் ஓடியிருப்பேன். அவன் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு, அந்த நாலாவது மாடிக்குப் போனான். யாராவது ஒரு ஆள், கையும் காலும் உள்ள ஒரு திருடன், அந்த மாடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே போனேன் என்றான். திருடன் இருந்தால் அவன் பெயர் தப்பிக்கும்.

படி ஏறினான். மூன்றாவது மாடி வரை விளக்கு இருந்தது. அதற்கு மேல் இல்லை. சன்னல் வழியாக வந்த சாயங்கால வெளிச்சம்தான். நாலாவது மாடி வாசலை ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் மறைத்திருந்தார்கள். விலக்கினான். 'சரசர...'

பெயின்ட் வாசனை. சுவரோரம் டப்பாக்கள், ஏணி. நீளமான நடை. இரண்டு பக்கமும் அறைகள், எல்லாக் கதவும் சாத்தியிருந்தன.

கடைசிக் கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம்.

நடந்தான். செருப்புச் சத்தம் அவனுக்கே பயமாக இருந்தது. கதவுக்கு ஐந்தாறு அடி முன்னால் நின்றான்.

உள்ளே கட்டில் 'க்ரீச்' என்றது.

படுத்திருந்த ஒருத்தர் வாசல் பக்கம் திரும்பிப் படுக்கிற சத்தம்.

பிறகு...

"வந்துட்டீங்களா?"

ரொம்ப மெல்லிய குரலாம். மிரட்டல் இல்லை. கோபம் இல்லை. காத்துக் காத்துச் சலித்த ஒரு பெண், வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தில் கேட்கிற குரல்.

தம்பி ஓடினான்.

படியில் விழுந்தான். எழுந்தான். ஓடினான். தன் அறைக்கு வந்து கதவைத் தாழ் போட்டான்.

திரையில் புது வரிகள்.

'வந்தவர் உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார்.'

'நோயாளி அழுகிறார்.'

'டிங்.' சிவப்பு வரி. 'டிங்.' இன்னொன்று. 'டிங்... டிங்... டிங்...' திரை முழுக்கச் சிவப்பு. எல்லாம் பெயர் இல்லாதவை. எல்லாம் அவளையே திறந்தன.

நாடி 150... 158... 163...

போன் அடித்தது. அதே நம்பர். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

அவன் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. அந்தப் பதிவையே அழிக்கிற கட்டளையை அடித்தான்.

நிச்சயமாக அழிக்கலாமா என்று கேட்டது.

அமுக்கினான்.

மணி 5.46.

எல்லாம் நின்றது.

சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. போன் அடிக்கவில்லை. மெஷின்களின் 'ம்ம்ம்' மட்டும்.

அங்கேயிருந்தே என்னைக் கூப்பிட்டான். பல் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. "எங்கயும் போகாத, நேரா என் வீட்டுக்கு வா" என்று நான் கத்தினேன். வந்தான். என் வீட்டுக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் பாயை விரித்துப் போட்டார். ராத்திரி முழுக்க விளக்கை அணைக்க விடவில்லை. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். வேலை அலுப்பு, தூக்கம் கெட்ட மூளை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ரெண்டு நாள் என் கையால் சாப்பிட்டால் தெளிந்துவிடுவான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் வேலைக்கு வந்தார்கள். நாலாவது மாடிக் கடைசி அறைக் கட்டிலில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரி உடுப்பு. மணிக்கட்டில் ஆஸ்பத்திரி பட்டை. அதில் பெயரும் நம்பரும். அந்த நம்பரை கம்ப்யூட்டரில் போட்டால் அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று வந்தது. உடனே வெளியிலிருந்து ஆளை வரவழைத்து, சனிக்கிழமை எடுத்து வைத்த பேக்கப் நகலைத் திறந்து பார்த்தார்கள். அதில் அவள் இருந்தாள். துணைக்கு யார் என்ற இடத்தில் என் தம்பியின் போன் நம்பர். உறவு, கணவர்.

போலீஸ் வந்து பார்த்தது. காயம் எதுவும் இல்லை. இதயம் நின்று இறந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை ஆறு மணி இருக்கும் என்று டாக்டர் மேலோட்டமாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அவளை அட்மிட் பண்ணிய டாக்டர் யார், பார்த்துக்கொண்ட நர்ஸ் யார் என்று கேட்டால் எல்லாரும் கையை விரித்தார்கள்.

நிர்வாகி தம்பியைக் கூப்பிட்டனுப்பினார், தனியாகப் போக மாட்டேன் என்றான். நானும் கூடவே நிர்வாகியின் அறைக்குப் போனேன். டேட்டாபேஸில் யார் எதைச் செய்தாலும் எழுதிக்கொள்கிற தனிப் பெட்டி ஒன்று உண்டு. அட்மினே நினைத்தாலும் அதில் கை வைக்க முடியாது. அப்படிச் செய்து வைத்தவனும் இவன்தான். அந்தப் பெட்டியில் பெயரில்லாத வரி எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைத் திறந்தது, அழித்தது, எல்லாம் தம்பியின் பெயரில் மட்டும்தான் இருந்தது. 3.12க்குத் திறந்தவனும் அவன்தான் என்று இருந்தது. அந்த நேரத்தில் அவன் கையில் ஈரத்துணி இருந்தது எனக்குத் தெரியும். சொன்னேன். நிர்வாகி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

தூண்டில் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். யாரிடம் சொல்லி வைத்தீர்கள் என்றார். இல்லாத ஆள் என்றால் கீழே பிணவறையில் கிடப்பது யார் என்றார்.

நிர்வாகி கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் கவலை. மூடிய மாடியில் ஒரு நோயாளி பார்ப்பாரில்லாமல் செத்தாள் என்று வெளியே தெரிந்தால் ஆஸ்பத்திரி மானம் கப்பலேறும். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு வழி சொன்னார்.

"உங்களுக்கு இவங்களைத் தெரியாதுன்னு எழுதிக் குடுங்க. உங்க நம்பர் தப்பா ஏறிடுச்சு, கம்ப்யூட்டர் கோளாறுன்னு நான் முடிச்சுடறேன். ஆளில்லாத உடம்புன்னு அனுப்பிடுவோம். அந்தப் பழைய விஷயத்தையும் இதோட விட்டுடலாம். உங்க பேர்ல ஒரு கறையும் இருக்காது."

எனக்கு உயிர் வந்தது. வேறென்ன வேண்டும்? எழுதிக் கொடுத்துவிட்டு வா, இந்தப் பீடை இத்தோடு ஒழியட்டும் என்று அவன் தோளைத் தொட்டேன்.

தம்பி என் கையை விலக்கிவிட்டு நிர்வாகி பக்கம் திரும்பினான்.

"ஆளில்லாத உடம்புன்னா என்ன செய்வீங்க?"

"வழக்கமா செய்யறதுதான். ஒரு நம்பர் போட்டு..."

"வேண்டாம் சார். கணவர்னு நான் கையெழுத்துப் போடறேன்."

அவனை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா, கையெழுத்துப் போட்டால் நோயாளிப் பெண்டாட்டியை ஒளித்து வைத்துச் சாகவிட்டு, பதிவையும் அழித்தவன் ஆகிவிடுவாயே, அந்தக் கல்யாணம் நின்ற பழியும் உன் தலையில்தானே விழும், இருபது வருடப் பெயர் ஒரு நிமிடத்தில் போய்விடுமே என்று கெஞ்சினேன். திட்டினேன். அழுதும் பார்த்தேன்.

"கூப்பிட்டாக்கா," என்றான். "வாசல் வரைக்கும் போயிட்டு நான் உள்ள போகல."

போட்டான். 'கணவர்' என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினான். அன்றைக்கே வேலை போனது. வெளியே வரும்போது நடையில் இருந்த நர்ஸுகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பூட்டு என்றுகூட யாரும் சொல்லவில்லை. இன்று வரை அந்த ஆஸ்பத்திரியில் அவன் பெயர் பெண்டாட்டியைக் கொன்றவன்தான். நிஜமாக எட்டிப்பார்த்தவன் யார் என்று கடைசி வரை தெரியவே இல்லை.

இனி, நான் பார்த்தது.

உடம்பை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் உடுப்பை மாற்ற வேண்டும், பெண் ஆள் யாராவது வந்தால் நல்லது என்று பிணவறைக்காரர் கேட்டார். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என் தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். அப்படியென்றால் நான் நாத்தனார். என் புடவை ஒன்றை, நல்லதாகப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனேன்.

பிணவறைக்காரர் வயதான மனிதர். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுகொண்டார்.

"சீக்கிரமா சுத்தி விட்டுடுங்கம்மா. வயித்துப் பக்கம் பாக்காதீங்க."

ஏன் என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

உள்ளே ஒற்றை விளக்கு. துணியை விலக்கினேன். நல்ல முகம். வயது முப்பத்தொன்று சொல்லலாம். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடம் இருந்தது. எனக்கு மனசு தாங்கவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் அவன் திரும்பி வந்திருப்பானே அம்மா, பயந்தவன்தான், ஆனால் மோசமானவன் இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஈரத்துணியால் காலைத் துடைத்தேன். உள்ளங்கால் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு தடிப்பு இல்லை. தரையில் ஒருநாள்கூட மிதிக்காத கால்.

ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றினேன்.

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. பார்த்தேன்.

இதைத் தம்பியிடம் இதுவரை நான் சொல்லவில்லை. சொன்னால், இல்லாத ஒருத்திக்காகவா பெயரைக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைப்பானோ, அல்லது தான் உண்டாக்கியவளைத் தானே அழித்துவிட்டேன் என்று நினைப்பானோ, எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். மார்புக்குக் கீழேயிருந்து அடிவயிறு வரை வழவழவென்று ஒரே தோல்.

அந்தப் பெண்ணுக்குத் தொப்புள் இல்லை.